ஒரே இடத்தில்தான் வெட்டும்

திறந்த வகுப்புக்கு மூன்று நாள் முன்பு கணக்கில் ஓர் எண்ணை மாற்றினேன்.

புத்தகத்தில் அடி அரை என்று இருந்தது. அரையை அடியாகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பு, அதே அடிக்கு மடக்கைச் சார்பு. இரண்டு வளைவுகளும் எத்தனை இடத்தில் வெட்டும் என்பது கேள்வி. புதுத் திரையில் போட்டுப் பார்த்தேன். வளைவுகள் சோம்பலாகச் சரிந்து கிடந்தன. அடியை வீசமாக்கினேன், பதினாறில் ஒன்று. உடனே சிவப்பு வளைவு உயரத்திலிருந்து விழுந்து அச்சோடு ஒட்டி ஓடியது. நீலம் இடது ஓரத்தில் கூரையிலிருந்து இறங்கியது. நடுவில் ஒரு வெட்டு. விரலால் தொட்டால் பக்கத்தில் சின்ன எழுத்தில் புள்ளியின் இடத்தையும் காட்டியது. அழகாக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் கணக்குக்கு இரண்டு பேர், நானும் காலிஸும். காலிஸுக்குப் போன வருடம் ஆசிரியர் மேல்தரம் கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்பும் பதினொன்றும் மேல்தரம் உள்ளவருக்குத்தான் என்று புது விதி வந்திருந்தது. எனக்கும் கிடைத்தால் என் பத்தாம் வகுப்பைப் பதினொன்றுக்கும் நானே கொண்டுபோகலாம். கிடைக்காவிட்டால் செப்டம்பரில் புது வருடம் தொடங்கும்போது எனக்கு ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும்தான். அந்த இருபத்திரண்டு பேரை ஐந்தாம் வகுப்பிலிருந்து வைத்திருக்கிறேன். பின்னம் தெரியாமல் வந்தவர்கள்.

மேல்தரத்துக்கு, மதிப்பிட வரும் குழுவின் முன்னால் திறந்த வகுப்பு ஒன்று நடத்திக் காட்ட வேண்டும். ஒத்திகை இல்லாத திறந்த வகுப்பை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. நானும் மூன்று தடவை ஒத்திகை வைத்தேன். யார் எப்போது எழுந்து என்ன சொல்வது என்று பிரித்துக் கொடுத்தேன். கைக்கும் ஏற்பாடு உண்டு. கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வந்திருப்பவர்களுக்கு வகுப்பே கை தூக்குவதாகத் தெரியும். எனக்கு யாரைக் கேட்பது என்று தெரியும்.

"எஜே, எல்லாருமே வலது கை தூக்கினா சந்தேகம் வராதா?" என்றான் எர்னிஸ். டீச்சரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம், எஜே.

"அதுக்குத்தான் நீ இருக்கியே. உனக்கு இடது கை."

"நான் ரெண்டையும் தூக்கறேன். எனக்குப் பாதி தெரியும்."

கடைசி வாக்கியம் மீரிமுக்கு. குரல் நன்றாக இருக்கும், திணறாது. வகுப்பு முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் எழுந்து சொல்ல வேண்டும்: அடி ஒன்றைவிடச் சிறியதாக இருந்தால் இரண்டு வளைவுகளும் ஒரே இடத்தில்தான் வெட்டும். மூன்று ஒத்திகையிலும் மும்மூன்று தடவை சொன்னாள். மற்றவர்களும் உதட்டுக்குள் கூடவே சொன்னார்கள்.

ஒத்திகைக்கு ஐகானிஷ் வரவில்லை. மார்ச் மாதம் அவள் வீட்டில் ஆடுகள் குட்டி போடும் சமயம். பத்து நாள் பட்டியில் இருந்துவிட்டு, திறந்த வகுப்பு அன்று காலைதான் வந்தாள். கண் சிவந்திருந்தது. மாடிப்படியில் எர்னிஸ் அவளிடம் கை விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கிறான். விடையைச் சொல்லவில்லை. கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றான் பிறகு.

குழு என்றால் இரண்டு பேர். எங்கள் தலைமையாசிரியை புருல் எஜே. மாவட்டத்திலிருந்து ஷர்ஷென் அகாய், ஆண் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் முன்பு கணக்கு வாத்தியார். இப்போது மற்ற வாத்தியார்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பார்ப்பது வேலை. பனி ஒட்டிய காலணியை வாசலில் தட்டித் தட்டி உதறிவிட்டு உள்ளே வந்தார். முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் ஐகானிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பு நன்றாகவே போயிற்று. திரையில் சிவப்பு வந்தது, நீலம் வந்தது. ஒவ்வொருவரும் தன் இடத்தில் எழுந்தார்கள். எர்னிஸ்கூடத் தன் வாக்கியத்தை ஒழுங்காகச் சொன்னான். ஷர்ஷென் அகாய் எழுதிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வு?" என்று கேட்டேன்.

இருபத்தொரு வலது கை. எர்னிஸும் வலது கைதான். கடைசி பெஞ்சில் ஒரு இடது கை.

பாவம், பத்து நாள் வரவில்லை, தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். வேறு ஒருவனைக் கேட்டேன். ஒன்று என்றான். அதையே வேறு மாதிரி கேட்டேன். மறுபடி இருபத்தொரு வலது கை, ஒரு இடது கை. மூன்றாம் தடவையும் அப்படியே. அவள் கையை இறக்கவே இல்லை.

"இந்தப் பொண்ணு அப்பலேர்ந்து கை தூக்கிட்டே இருக்கு," என்றார் ஷர்ஷென் அகாய். "கொஞ்சம் இவளையும் கேளுங்களேன்."

"ஐகானிஷ்," என்றேன்.

எழுந்தாள். "ஒண்ணு இல்ல எஜே. எத்தனைன்னுதான் தெரியல."

மீரிம் திரும்பிப் பார்த்தாள்.

"திரையைப் பாரு," என்றேன்.

"பார்த்தேன் எஜே. திரையில ஒண்ணுதான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"எக்ஸுக்கு அரை போட்டுப் பார்த்தேன். ரெண்டுலயும் கால்னு வருது. ஆனா நீங்க தொட்டுக் காட்டின புள்ளி அரையில இல்ல. அதுக்கு இந்தப் பக்கம் இருக்கு."

அவளை உட்காரச் சொல்லியிருக்கலாம். நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் விரிவாகப் பார்ப்போம் என்ற வாக்கியம் எல்லா ஆசிரியர்களிடமும் இருக்கிறது. என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் மனதுக்குள் கணக்கும் ஓடிவிட்டது. பதினாறின் வர்க்கமூலம் நான்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"வா. வந்து எழுது."

திரையைப் பழைய பச்சைப் பலகையின் மேலேயே மாட்டியிருந்தார்கள். வலது பக்கம் ஒரு முழ அகலம் மிச்சம் இருந்தது. அந்த இடுக்கில் நின்று எழுதினாள். வீசத்தை அரை அடுக்குக்கு உயர்த்தினால் கால். வீசத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அரை வரும்? கால். ஆக எக்ஸ் அரையாக இருக்கும்போது சிவப்பின் உயரமும் கால், நீலத்தின் உயரமும் கால். கீழே அதையே திருப்பிப் போட்டாள். எக்ஸ் காலாக இருக்கும்போது இரண்டும் அரை. சாக்பீஸ் தூள் திரையின் ஓரத்தில் விழுந்தது.

"அப்ப ஸ்கிரீன் பொய் சொல்லுதா எஜே?" என்றான் எர்னிஸ். இது ஒத்திகையில் இல்லாதது.

"பொய் சொல்லல. கோடு தடியா இருக்கு," என்றேன்.

வெட்டும் இடத்தைப் பெரிதாக்கினேன். கோடு அதே தடிமனில் நின்றது. சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இன்னும் பெரிதாக்கினேன். இரண்டு நேர்க்கோடுகள், ஒரு வெட்டு. மறுபடி தொட்டேன். முன்பு காட்டிய அதே புள்ளியைக் காட்டியது. எத்தனை தடவை தொட்டாலும் அதையேதான் காட்டும் என்று தோன்றியது.

"அங்க இல்ல எஜே," என்றாள் ஐகானிஷ். "அரைகிட்ட நகர்த்துங்க."

நகர்த்தினேன். அங்கே ஒற்றைக் கோடுதான் தெரிந்தது, கொஞ்சம் ஊதா நிறமாக. நூறு மடங்கு பெரிதாக்கியபோது அது மெல்லப் பிரிந்தது. கத்தரிக்கோலை ஒரு இழை திறந்த மாதிரி. அரையில் சேர்ந்தது, இரண்டு பக்கமும் விலகியது. காலுக்குப் போனோம். அங்கேயும் அப்படித்தான். எங்கே பார்ப்பது என்று அவள் சொன்னதால் பார்த்தோம். திரை தானாகச் சொல்லியிருக்காது.

நேரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் இருந்தது. மீரிம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எஜே, நான் இப்ப சொல்லணுமா?"

வகுப்பு சிரித்துவிட்டது. ஷர்ஷென் அகாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேண்டாம் மீரிம். உட்காரு."

"ஆக எத்தனை தீர்வு?" என்று பின்னாலிருந்து கேட்டார் அவர்.

"குறைஞ்சது மூணு, அகாய்," என்றேன்.

"நாலாவது உண்டா?"

"தெரியல."

மணி அடித்தது.

திறந்த வகுப்புக்குப் பிறகு தலைமையாசிரியை அறையில் மேசை போடுவது வழக்கம். போர்சோக் பொரித்து வைத்திருந்தார்கள், பக்கத்தில் பாலேடு, பாதாமி ஜாம். காலையில் நானேதான் மாவு பிசைந்து துண்டு போட்டேன். சாப்பிடுவதற்கு முன் வகுப்பெடுத்தவர் தன் வகுப்பைப் பற்றித் தானே பேச வேண்டும். எது சரியாக வந்தது, எது வரவில்லை. அது எழுதாத சட்டம். நான் வாயைத் திறக்குமுன் புருல் எஜே என் பெயரைச் சொல்லித் தொடங்கிவிட்டார்.

"சைகால் இதை வேணும்னேதான் வச்சாங்க அகாய். இப்பல்லாம் பிள்ளைங்க ஸ்கிரீன்ல வந்தா போதும்னு நம்பிடுதுங்க இல்லியா. அதை உடைக்கணும்னு. முதல்ல தப்பான முடிவுக்கு அழைச்சிட்டுப் போயி, அப்புறம் ஒரு பிள்ளை வாயாலயே சரியானதை வரவழைச்சு."

சொல்லும்போது மேசைக்கடியில் என் காலை மிதித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பதினோரு வருடமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்.

ஷர்ஷென் அகாயின் முகம் மலர்ந்தது. "அப்படியா? நான் வேற மாதிரில்ல நினைச்சேன்." எழுதியிருந்த தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பேனா மூடியைக் கழற்றினார். "அப்படின்னா இது லேசுப்பட்ட வகுப்பு இல்ல. இந்த மாவட்டத்துல யாரும் இப்படிச் செய்யல. திட்டம் போட்டதுதானே, தங்கச்சி?"

ஆமாம் என்று சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். பதினொன்றாம் வகுப்பு என்னிடம் இருக்கும். ஐகானிஷுக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை, இன்னும் பெருமைதான். யாருக்கு நஷ்டம் என்று பார்த்தேன். மீரிம் நினைவுக்கு வந்தாள். மூன்று ஒத்திகையில் ஒன்பது தடவை ஒரே இடத்தில்தான் வெட்டும் என்று அவளைச் சொல்லவைத்திருந்தேன். திட்டம் போட்டதுதான் என்றால், எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்வதற்காகவே அவளைத் தயார் செய்தேன் என்று ஆகும். அது நாளைக்கே அவள் காதுக்குப் போகும். சின்ன ஊர்.

"இல்ல அகாய்," என்றேன்.

"என்ன இல்ல?"

"திட்டம் இல்ல. ஒண்ணுதான்னு நானே நம்பினேன். புத்தகத்துல அடி அரைன்னு இருந்தது. அதுக்கு ஒண்ணுதான். படம் நல்லா வரணும்னு வீசமா மாத்தினேன். மாத்தினதும் போட்டுப் பார்த்தேன், ஒண்ணு தெரிஞ்சது. கையால சரிபார்க்கல."

"சைகால், டீ ஊத்து," என்றார் புருல் எஜே.

ஊற்றினேன். அரைக் கிண்ணம்தான் ஊற்றுவது வழக்கம். கை நின்றபாடில்லை, விளிம்புவரை ஊற்றிவிட்டேன். விருந்தாளியை எழுந்து போகச் சொல்வதற்கு அது சமம். ஷர்ஷென் அகாய் அதைப் பார்த்தார். குனிந்து, கிண்ணத்தை மேசையிலேயே வைத்தபடி ஒரு மிடறு உறிஞ்சிக் குறைத்தார்.

பிறகு கைபேசியில் எதையோ கணக்கிட்டார். வெகுநேரம் ஆயிற்று.

"பூஜ்யம் புள்ளி மூணுல பார்த்தேன்," என்றார். "ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்துல ஒரு பங்கு. ஓர் அலகை ஒரு மீட்டர் நீளத்துக்கு வரைஞ்சாலும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். சாக்பீஸ் கோடே அதைவிடத் தடி." கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "நான் இருபத்தாறு வருஷம் வகுப்பெடுத்தேன். அடி ஒண்ணைவிடச் சின்னதா இருந்தா ஒரே வெட்டுன்னுதான் சொல்லிக்கொடுத்தேன். ஸ்கிரீன் எல்லாம் கிடையாது. கையாலேயே தப்பு பண்ணினேன்."

"சாக்பீஸ்ல போட்டப்ப நாம அதை அப்படியே நம்பமாட்டோம் அகாய். நம்ம கை கோணல்னு நமக்குத் தெரியும். இதுல கோடு அவ்வளவு சுத்தமா வந்துச்சா, நம்பிட்டேன்."

"ம்."

தாளில் பதினைந்து கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

"வகுப்பின் நோக்கம்னு நீங்க எழுதிக்குடுத்தது இது. வரைபடத்தைக் கொண்டு தீர்வுகளின் எண்ணிக்கையைக் காணுதல்." நிமிர்ந்தார். "கண்டீங்களா?"

"காணல."

"காணல," என்று அவரும் சொல்லிக்கொண்டு எழுதினார். கூட்டினார். மறுபடி கீழிருந்து மேலாகக் கூட்டினார். மேல்தரத்துக்கு இரண்டு புள்ளி குறைந்தது.

"எங்கயாவது ஒரு இடத்துல," என்றார் புருல் எஜே.

"எல்லா இடத்துலயும் பார்த்துட்டேன். ஒழுங்குக்கு முழுசா போட்டிருக்கேன். போர்டு எழுத்துக்குக்கூட முழுசு, அது இவங்க எழுத்தே இல்ல." பேனாவை மூடினார். "நவம்பர்ல அடுத்த சுற்று இருக்கு, தங்கச்சி. நானேதான் வருவேன்."

"நவம்பர்ல இந்த வகுப்பு காலிஸ்கிட்ட இருக்கும்."

"தெரியும்." ஒரு போர்சோக்கை எடுத்தார். சாப்பிடாமல் தட்டிலேயே வைத்தார். "திட்டமான்னு நான் கேட்டிருக்கக் கூடாது. எழுதிட்டுப் போயிருக்கணும்."

"கேட்டீங்க, பதில் சொன்னேன். அவ்வளவுதானே அகாய்."

அன்றைக்குக் கடைசி மணியும் என்னுடையதுதான். வகுப்புக்குப் போனேன். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சு எஜே?" என்றான் எர்னிஸ்.

"கிடைக்கல."

"அப்ப அடுத்த வருஷம்?"

"காலிஸ் அகாய் எடுப்பார்."

ஒவ்வொரு தலையாகப் பின்னால் திரும்பியது. ஐகானிஷ் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்," என்றாள் மீரிம். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

"இன்னும் நாலு குட்டி பிறந்திருக்கலாம்," என்றான் யாரோ.

"பையைக் கீழ வை, ஐகானிஷ்," என்றேன். "எல்லாரும் இங்க பாருங்க. எண்ணை மாத்தினது நான். சரிபார்க்காம விட்டது நான். தப்பான வாக்கியத்தை மீரிமுக்குக் கொடுத்து மனப்பாடம் பண்ணவச்சதும் நான். அந்த வாக்கியத்துக்கு அவகிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும். கேட்கறேன், மீரிம். ஐகானிஷ் செஞ்சது கணக்கு. கணக்குப் போட்டதுக்கு என் வகுப்புல யாரும் பையைத் தூக்கிட்டுப் போகக் கூடாது."

மீரிம் காது நுனிவரை சிவந்துவிட்டாள். "நானும் போட்டுப் பார்த்திருக்கலாம் எஜே," என்றாள். "அரைதானே. வாயாலயே வந்திருக்கும்."

"இருபத்தொரு பேரும் போட்டுப் பார்த்திருக்கலாம்," என்றான் எர்னிஸ். "நான் உட்பட. நான் மட்டும் போட்டிருந்தா தப்பா வந்திருக்கும், யாருக்கும் பிரச்சினை இருந்திருக்காது."

ஐகானிஷ் சிரித்தாள். பத்து நாளுக்குப் பிறகு அவளிடம் பார்த்த முதல் சிரிப்பு. பையைக் கீழே வைத்தாள்.

"நாலாவது உண்டான்னு அவர் கேட்டாரே," என்றேன். "எனக்கு இன்னும் தெரியாது."

"ஸ்கிரீன்ல தேடலாமே," என்றான் ஒருவன்.

"எங்க தேடுவ?" என்றாள் மீரிம். "எங்கன்னு தெரிஞ்சாதான அங்க பெரிசாக்க முடியும். பார்க்காத இடத்துல இருந்துச்சுன்னா?"

"அப்ப எப்படி?"

அவள் எழுந்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். காலையில் ஷர்ஷென் அகாய் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஐகானிஷ் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஷர்ஷென் அகாயின் வண்டி கிளம்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு பையன்கள் தள்ளப் போகட்டுமா என்று கேட்டார்கள். போகச் சொன்னேன்.

நான்காவது தீர்வு இல்லை. அதை நிறுவ வகைக்கெழு வேண்டியிருந்தது. அது அடுத்த வருடப் பாடம். முன்கூட்டியே தொடங்கினோம். நடுவில் இரண்டு தடவை நிறுவிவிட்டதாக நினைத்தோம், இரண்டு தடவையும் ஓட்டை இருந்தது. ஒன்றை நானே கண்டுபிடித்தேன், மற்றதை எர்னிஸ். கடைசிப் படியை மீரிமும் ஐகானிஷும் சேர்ந்து, திரைக்குப் பக்கத்தில் அந்த ஒரு முழப் பலகையில் எழுதி முடித்தபோது மே பத்தொன்பது. இருபத்தைந்தாம் தேதி பள்ளி முடிகிறது. இன்னும் நான்கு வகுப்புகள் இருந்தன.